ஹெர்ன்ஹூட்: மேய்ச்சல் குன்று தந்த பெயர்

ஜெர்மனியின் சாக்சனி மாநிலத்தில் ஸிட்டாவ் நகருக்குப் போகும் சாலையோரத்தில் இருக்கிறது ஹெர்ன்ஹூட் என்ற சிற்றூர். பெயருக்கு 'ஆண்டவரின் காவல்' என்று பொருள் சொல்வார்கள். பொருள் சரிதான். ஆனால் 'ஹூட்' என்ற பின்பாதி கோயிலுக்கு வருமுன் மேய்ச்சல் காட்டில் இருந்த சொல்.

ஊரை ஒட்டிய குன்றின் பெயர் ஹூட்பெர்க். 'பெர்க்' என்றால் குன்று. 'ஹூட்' என்றால் காவல். ஆடுமாடுகளை மேய்த்துப் பார்த்துக்கொள்வதும் அதில் அடங்கும். ஊர்ப் பொது மேய்ச்சல் நிலத்துக்கு 'ஹூட்வைடே' என்றே பெயர். தொப்பியும் ஹூட்தான். வேர் ஒன்று, இலக்கணப் பால் வேறு: காவல் பெண்பால், தொப்பி ஆண்பால். அந்த வட்டாரத்தில் காமென்ஸ் நகரிலும் ஒரு ஹூட்பெர்க் உண்டு. மேய்ச்சல் இருந்த இடமெல்லாம் இந்தப் பெயருக்கு இடமிருந்தது.

1722-இல் மொராவியாவிலிருந்து மத ஒடுக்குமுறைக்குத் தப்பி வந்த குடும்பங்களுக்கு, பெர்தெல்ஸ்டோர்ஃப் பண்ணையை அப்போதுதான் வாங்கியிருந்த இளம் பிரபு ஸின்ஸென்டோர்ஃப் இடம் கொடுத்தார். ஜூன் 17 அன்று தச்சர் கிறிஸ்தியான் டேவிட் முதல் மரத்தை வெட்டினார். அடுத்த மாதம் பண்ணைக் காரியஸ்தர் ஹைட்ஸ் பிரபுவுக்குக் கடிதம் எழுதினார். இங்கே குடியேறுவோர் ஆண்டவரின் காவலில் இருக்கட்டும், ஆண்டவருக்காகத் தாங்களும் காவல் நிற்கட்டும் என்பது அவர் வேண்டுதல். குன்றின் பழைய பெயரில் இருந்த ஒரே சொல்லை இரண்டு பக்கமும் திருப்பிக் காட்டிவிட்டார். ஊருக்குப் பெயர் வாய்த்தது பண்ணை நிர்வாகத்தைப் பார்த்த மனிதரின் கடிதத்தில் என்பதே இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்தது.

அந்தக் குன்றுச் சரிவில்தான் ஊரின் கல்லறைத் தோட்டம். ஒரே மாதிரிக் கற்கள் தரையோடு படுத்திருக்கின்றன. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் மறுபக்கம். நடுவே ஸின்ஸென்டோர்ஃப் குடும்பத்தாரின் கல்லறைகள் மட்டும் உயர்ந்து நிற்கின்றன.

செக் மொழியில் ஊரின் பெயர் ஓக்ரனோவ். அப்பகுதியின் பழங்குடிகளான சோர்பியரும் அப்படியே சொல்கிறார்கள். 'ஓக்ரனா' என்றால் பாதுகாப்பு. அந்தப் பெயரில் ஆண்டவரும் இல்லை, குன்றும் இல்லை. காவல் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

ஹெர்ன்ஹூட்டிலிருந்து கிறிஸ்தவ ஊழியத்துக்குப் புறப்பட்டவர்கள் ஊரின் பெயரையும் கொண்டுபோனார்கள். 1733-இல் கிரீன்லாந்தில் தொடங்கிய குடியிருப்புக்குப் 'புது ஹெர்ன்ஹூட்' என்று பெயர். அது இன்றைய நூக் நகருக்குள் இருக்கிறது. 1760-இல் நிக்கோபார் தீவுகளைக் குறிவைத்துத் தரங்கம்பாடிக்கு வந்த இதே சபைச் சகோதரர்கள் பெயரிடுவதில் வேறு வழியில் போனார்கள். அருகே வாங்கிய நிலத்துக்கு அவர்கள் இட்ட பெயர் ப்ரூடர்கார்ட்டன், அதாவது சகோதரர் தோட்டம்.