மரக் கேமராவும் கறுப்புத் துணியும்

திருவாரூர் கீழக்கோபுரத்தின் முன்னால் நின்று செல்போனில் படம் எடுத்திருக்கிறீர்களா? கோபுரம் முழுசாக வரவேண்டும் என்று போனைக் கொஞ்சம் மேலே சாய்ப்பீர்கள். எடுத்த படத்தைப் பார்த்தால் கோபுரம் பின்பக்கமாகச் சாய்ந்து, யாரோ உச்சியைப் பிடித்து நசுக்கினாற்போல இருக்கும். (கோபுரமே கூம்புதானே என்று கேட்கக் கூடாது, இது வேறு கூம்பு!) நூறு வருடத்துக்கு முந்தைய கோயில் படங்களைப் பாருங்கள். பலவற்றில் தூண்கள் எல்லாம் நூல் பிடித்தாற்போல நேராக நிற்கும். எடுத்தவரின் திறமை ஒரு காரணம். இன்னொரு காரணம் அவரிடம் இருந்த மரக் கேமரா.

அதில் லென்ஸ் ஒரு பலகையில் இருக்கும், படம் விழும் கண்ணாடி இன்னொரு பலகையில். நடுவில் மடிப்பு மடிப்பாகத் துருத்தி. கேமராவைச் சாய்க்காமல் முன்பலகையை மட்டும் மேலே தூக்கலாம். பின்பலகை செங்குத்தாகவே நிற்பதால் கோபுரமும் செங்குத்தாகவே விழும். இன்று கம்ப்யூட்டரில் நாலு கிளிக்கில் செய்வதை அன்று ஒரு திருகைத் தளர்த்திச் செய்திருக்கிறார்கள். படம் மட்டும் தலைகீழாகத்தான் தெரியும், இடம் வலமும் மாறியிருக்கும். வெளிச்சத்தில் அது சரியாகத் தெரியாது என்பதற்காகத்தான் அந்தக் கறுப்புத் துணி. உள்ளே தலையை நுழைத்துக்கொண்டு போட்டோகிராபர் என்னவோ மந்திரம் செய்கிறார் என்று குழந்தைகள் நினைத்ததில் ஆச்சரியமில்லை.

இன்னொரு விஷயம் அளவு. ஃபுல் பிளேட் என்றால் ஆறரை அங்குலத்துக்கு எட்டரை அங்குலம். பிற்பாடு வந்த 35 மி.மீ. பிலிம் சட்டத்தைவிடப் பரப்பில் சுமார் 40 மடங்கு பெரியது! நெகட்டிவ் எவ்வளவோ படமும் அவ்வளவு. நெகட்டிவைத் தாளின் மேல் வைத்து அழுத்தி வெளிச்சம் காட்டினால் போதும், பெரிதாக்க வேண்டிய வேலையே இல்லை. அதனால் புடவைக் கரையின் நெசவுகூடத் தெளிவாக விழும்.

இந்தத் தெளிவு எதற்குப் பயன்பட்டது என்பதற்குத் தஞ்சாவூரே சாட்சி. லின்னேயஸ் ட்ரைப் என்ற ராணுவ கேப்டனைச் சென்னை மாகாண அரசு தன் புகைப்படக்காரராக வைத்திருந்தது. 1857 கடைசியில் பெங்களூரிலிருந்து புறப்பட்ட அவர் திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று சுற்றினார். சாமான்கள் எல்லாம் மாட்டு வண்டியில். கண்ணாடிக்குப் பதிலாக மெழுகு பூசிய காகிதத்தையே நெகட்டிவாகப் பயன்படுத்தினார். முன்கூட்டியே தயார்செய்து வைத்துக்கொள்ளலாம், வழியில் உடையவும் உடையாது. ஒவ்வொரு நெகட்டிவும் ஓர் அடிக்கு மேல் நீளம். தஞ்சாவூர் அரசு வாரிசு இல்லை என்று 1855இல் முடித்துவைக்கப்பட்டு மூன்றே வருடம் ஆகியிருந்த நேரம் அது.

பெரிய கோயிலில் அவர் செய்த காரியம்தான் அசாத்தியம். விமானத்தின் அடிப்பகுதியில் ஓடும் கல்வெட்டு வரிகளைத் துண்டு துண்டாகப் படமெடுத்து, 21 படங்களை வரிசையாக ஒட்டி, சுமார் 19 அடி நீளத்தில் ஒரு சுருளாக ஆக்கிவிட்டார். ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் வரி விலகக் கூடாது, தூரம் மாறக் கூடாது, வெளிச்சமும் மாறக் கூடாது. ஸ்டாண்டைத் தூக்கித் தூக்கி வைத்து, ஒவ்வொரு தடவையும் துணிக்குள் தலைகீழாகப் பார்த்துச் சரிசெய்திருக்க வேண்டும். அந்தக் கல்வெட்டுகளை ஹுல்ட்ஷ் படித்து அச்சில் கொண்டுவர ஆரம்பித்தது 1891இல், அதாவது 33 வருடம் கழித்து!

இவ்வளவு செய்தவருக்கு என்ன கிடைத்தது? 1859இல் கவர்னராக வந்த சார்லஸ் ட்ரெவல்யன், புகைப்படம் எல்லாம் ஆடம்பரச் செலவு என்று சொல்லி அந்த வேலையையே நிறுத்திவிட்டார். 1857 கலகத்துக்குப் பிறகு அரசாங்கத்தின் கஜானா காலி, அவர் பக்கத்து நியாயம் அது. வரவு செலவு மட்டும் பார்த்தால் சரியான முடிவுதான். ஆனால் எந்தப் பேரேட்டில் அந்த 19 அடிச் சுருளை வரவு வைப்பது? 2014-15இல் வாஷிங்டன், நியூயார்க், லண்டன் மூன்று ஊரிலும் ட்ரைப்பின் படங்களைக் கண்காட்சியாக வைத்தார்கள்.

அரசு நிறுத்தினாலும் கேமரா நிற்கவில்லை. கடையில் வாங்கிய உலர் பிளேட்டை அப்படியே போட்டு எடுக்கலாம் என்ற நிலை 1880களில் வந்ததும் ஊர் ஊராக ஸ்டுடியோக்கள் முளைத்தன. போட்டோ எடுத்தால் ஆயுசு குறையும் என்று பயந்தவர்களும் இருந்தார்கள். பயம் போனபின் கல்யாணம், சஷ்டியப்தபூர்த்தி, பள்ளிக்கூடக் குரூப் போட்டோ, கடைசியில் இறந்தவரை நாற்காலியில் உட்காரவைத்து எடுக்கும் படம் வரை எல்லாவற்றுக்கும் இந்த மரப் பெட்டிதான். லென்ஸ் மூடியைக் கழற்றி, மனசுக்குள் எண்ணி, திரும்ப மூடுவார்கள். அதுவரை அசையக் கூடாது, இமைக்கக் கூடாது. பழைய படங்களில் தாத்தா பாட்டிகள் எல்லாரும் கோபமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அவர்கள் கோபக்காரர்கள் இல்லை, மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்!

இங்கே ஒரு சுவையான கிளைக்கதை. நம்மூர் ஸ்டுடியோக்களில் இருந்த மரக் கேமராக்கள் எல்லாம் சீமைச் சரக்கு என்று நினைத்தால் தப்பு. கேரளாவில் ஆலப்புழையில் இசைக்கருவிகளைப் பழுதுபார்க்கும் ஒரு குடும்பம் இருந்தது. 1940களில் துருத்தி கிழிந்துபோன கேமரா ஒன்று அவர்களிடம் பழுதுக்கு வந்தது. ஆர்மோனியத் துருத்தி செய்யத் தெரிந்த கைக்குக் கேமராத் துருத்தி பெரிய காரியமா? அதைச் சரிசெய்த கருணாகரன், பிறகு முழுக் கேமராவையே செய்ய ஆரம்பித்தார். தேக்கு மரம், பித்தளைப் பூண், வெளிநாட்டு லென்ஸ். பெயர் 'வாகீஸ்வரி'. இந்தியா முழுக்க விற்றது. சங்கீத மும்மூர்த்திகள் பிறந்த திருவாரூர்க்காரர்களுக்கு, ஆர்மோனியத்துக்கும் கேமராவுக்கும் உள்ள இந்த உறவு பிடிக்காமல் போகாது.

பிறகு சுருள் பிலிம் வந்தது, கலர் வந்தது, டிஜிட்டல் வந்தது. மரக் கேமராவுக்குத் தேய்மானம் எழுதி எழுதி, கணக்கில் அதன் மதிப்பு ஒரு ரூபாய் ஆகியிருக்கும். அப்புறம்தான் வேடிக்கை. எந்த வேலையும் செய்யாத அந்தப் பெட்டிக்குப் பழம்பொருள் சந்தையில் விலை ஏறியது. ஓட்டல் வரவேற்பறையில், ஸ்டுடியோ ஷோகேஸில், மூன்று காலில் நிற்கவைத்து விளக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். பித்தளை பளபளக்கும். லென்ஸ் இருக்காது. வேலை செய்யும் கேமராவும் அழிந்துவிடவில்லை. இங்கிலாந்தில் பிரைட்டன் நகரில் 2014இல் தொடங்கிய இன்ட்ரெபிட் என்ற சிறிய நிறுவனம் ஒட்டுப்பலகையில் புதிதாகவே செய்து விற்கிறது. வாங்குபவர்கள் எல்லாரும் செல்போன் வைத்திருப்பவர்கள்தான். நாளைக்கு நூறு படம் எடுக்கத் தெரிந்த ஒருவர், ஒரே ஒரு படத்துக்காக அரைமணி நேரம் துணிக்குள் நிற்க ஆசைப்படுகிறார் என்றால் அதைப் பழசின் மேல் மோகம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. படம் எடுப்பவர், எடுக்கப்படுபவர் இரண்டு பேரும் அந்த நேரத்தைக் கொடுத்தாக வேண்டும், அதைத்தான் அவர் தேடிப் போகிறார்.

ஆனால் மனசை உறுத்துவது வேறொன்று. பெட்டியைக் காப்பாற்றிவிட்டோம், அது எடுத்த பிளேட்டுகள் எங்கே? கண்ணாடி நெகட்டிவ் கனமானது, இடத்தை அடைக்கும், கைதவறினால் போச்சு. மேல்பூச்சை ஊறவைத்துச் சுரண்டினால் நல்ல கண்ணாடி கிடைக்கும், படத்துக்குச் சட்டம் போட ஆகும். பூச்சில் வெள்ளி இருப்பதால் அதற்கும் ஒரு விலை உண்டு. மூன்றாம் தலைமுறைக்குக் கடை கைமாறும்போது இவைதான் முதலில் வெளியே போகும். யாரையும் குறைசொல்லவும் முடியாது, கடை வாடகை அப்படி.

புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்களுக்கான திட்டத்தின் உதவியோடு, 2010களில் தமிழ்நாட்டுப் பழைய ஸ்டுடியோக்களைத் தேடிப்போனது. 1880க்கும் 1980க்கும் இடையில் எடுத்த படங்களில் மிஞ்சியவற்றை டிஜிட்டலாக்கி வைத்தது. அப்படி மிஞ்சும் பிளேட்டுகளிலும் ஒரு சிக்கல் உண்டு. பிளேட்டின் ஓரத்தில் ஓர் எண்ணை மட்டும் எழுதிவிட்டு, அது யாருடைய படம் என்பதைத் தனியாக ஒரு நோட்டில் குறித்துவைப்பது வழக்கம். வலை நெசவு வரை தெளிவாகத் தெரியும் புடவை, மூக்குத்தியில் ஒரு புள்ளி வெளிச்சம், மூச்சைப் பிடித்த முகம் எல்லாம் அந்தக் கண்ணாடியில் அப்படியே இருக்கும். அது யார் வீட்டுப் பாட்டி என்று தெரிய வேண்டுமானால் அந்த நோட்டு கிடைக்க வேண்டும்.