குடும்பக் குழுக் கூட்டம் (நியூசிலாந்து)

குற்றம் செய்த இளையோர், அவர்களின் குடும்பத்தார், பாதிக்கப்பட்டவர், காவல்துறையினர் ஆகியோர் ஒன்றாக அமர்ந்து, நேர்ந்த இழப்பை எப்படி ஈடுசெய்வது என்று பேசி முடிவெடுக்கும் முறை. இளையோருக்கான மறுசீரமைப்பு நீதியில் உலகுக்கே முன்னோடி.

நியூசிலாந்தில் 1925-ஆம் ஆண்டுச் சட்டம் சிறார் நீதிமன்றங்களை நிறுவியது. 1974-இல் புதிய சட்டம் வந்தும், வழிதவறிய பிள்ளையைக் குடும்பத்திலிருந்து பிரித்து அரசு இல்லத்தில் வைக்கும் போக்கு மாறவில்லை. இதில் மிகுதியாகச் சிதைந்தவை பூர்வகுடிகளான மாவோரிகளின் குடும்பங்களே. மாவோரிகளின் தூஹோயே குலத்துப் பெரியவர் ஜான் ராங்கிஹாவ் தலைமையிலான குழு, மாவோரிகளின் பொதுக்கூடங்களான மராய்களுக்கே சென்று மக்களிடம் குறை கேட்டது. 1986-இல் அது அளித்த ‘புவாவ்-தே-அத்தா-தூ’ அறிக்கை, சமூகநலத் துறைக்குள்ளேயே இனப்பாகுபாடு வேரூன்றியிருப்பதை ஒளிவுமறைவின்றி எழுதியது. ஒருவர் செய்த தவறுக்கு உறவினர் அனைவரும் பொறுப்பேற்று ஈடுகட்டுவது மாவோரி மரபு. அதிலிருந்து பிறந்ததே இம்முறை. இதற்கான சட்டம் 1989 நவம்பர் 1-இல் நடைமுறைக்கு வந்தது. வேறு வழி இருக்கும்போது, பொதுநலன் கோரினாலன்றி, இளையோர்மீது வழக்குத் தொடரக்கூடாது என்பது அதன் முதன்மை நெறி. கொலை வழக்குகள் இதில் அடங்கா. இளையோர் நீதிமன்றத்தின் முதல் தலைமை நீதிபதி மிக் பிரவுனும் மாவோரி இனத்தவரே.

கூட்டத்தைக் கூட்டுபவர் இளையோர் நீதி ஒருங்கிணைப்பாளர். குடும்பம் விரும்பினால் ‘காரகியா’ எனும் வழிபாட்டுடன் தொடங்கும். காவலர் நடந்ததைப் படிக்கிறார். இளைஞர் அதை ஒப்புக்கொண்டால்தான் பேச்சு மேலே செல்லும். எடுத்துக்காட்டாக, உடைந்த கடைக் கண்ணாடிக்கு ஆன செலவையும், அன்றிலிருந்து தூக்கம் போனதையும் கடைக்காரர் அந்த இளைஞரின் முகத்துக்கு நேரே சொல்லலாம். பின்னர் மற்றவர்கள் வெளியேற, குடும்பத்தார் தனித்திருந்து கலந்து பேசுகிறார்கள். இந்தத் தனிமைதான் இம்முறையின் உயிர்நாடி. மன்னிப்புக் கடிதம், தவணையில் இழப்பீடு, ஊதியமில்லாப் பணி, இரவில் வெளியே செல்லத் தடை எனத் திட்டம் உருவாகும். அனைவரும் ஏற்றால் நீதிமன்றமும் பெரும்பாலும் ஏற்கும். திட்டத்தை நிறைவேற்றியவரின் குற்றச்சாட்டைப் பதிவே செய்யப்படாததாகக் கருதி நீதிமன்றம் விடுவிக்கலாம்.

1990-களின் தொடக்கத்தில் கேப்ரியல் மேக்ஸ்வெல், அலிசன் மோரிஸ் ஆகியோர் நடத்திய ஆய்வின்படி, பாதிக்கப்பட்டவர்கள் பங்கேற்றவை பாதிக்கும் குறைவான கூட்டங்களே. அழைப்பு வராததும் நேரம் ஒத்துவராததுமே முக்கியக் காரணங்கள்; சந்திக்க மறுத்தவர்கள் சிலரே.

இம்முறை பிற நாடுகளுக்கும் பரவியது. ஆஸ்திரேலியாவின் வாகா வாகாவில் 1991-இல் காவல்துறையே கூட்டங்களை நடத்தியதால் குடும்பத்தின் குரல் மெலிந்ததாக விமர்சிக்கப்பட்டது. வட அயர்லாந்து 2002-இல் இளையோருக்கான கூட்ட முறையைச் சட்டமாக்கியது.

நியூசிலாந்தில் 2008 முதல் மராய்களில் இளையோருக்கான ‘ரங்கதாஹி’ நீதிமன்றங்கள் இயங்குகின்றன. 2019 முதல் 17 வயதினரும் 1989 சட்டத்தின்கீழ் வருகின்றனர். அதேவேளை, 2024-இல் அரசு, கடுங்குற்றம் புரியும் இளையோருக்கு இராணுவப் பாணிப் பயிற்சி முகாமைச் சோதனை முறையில் தொடங்கியது.