கண்ணியிலிருந்து வந்த லேஸ்

ஷூவில் முடிச்சுப் போடும் நாடாவும் லேஸ், பாவாடை ஓரத்தில் வைத்துத் தைப்பதும் லேஸ். இரண்டுக்கும் மூலம், கண்ணி, சுருக்கு என்று பொருள்படும் லத்தீனின் ‘லாக்வியஸ்’. மாடு பிடிக்கும் ‘லாஸோ’ கயிறுகூட லேஸின் உடன்பிறப்புதான்.

நூலால் பின்னிய மெல்லிய வலைத்துணிக்கு இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது 16ஆம் நூற்றாண்டில். பிறகு, காபியில் கொஞ்சம் பிராந்தி கலப்பதையும் ஆங்கிலேயர் ‘லேஸ்’ செய்வது என்றார்கள். பானத்துக்குச் சரிகைக்கரை போலும்!

இங்கிலாந்தின் ஈலி நகரச் சந்தையில் புனித ஆட்ரியின் பெயரால் கழுத்தில் கட்டும் பட்டு லேஸ் விற்றார்கள். 679இல் கழுத்துக் கட்டியோடு இறந்த ஆட்ரி, இளமையில் அணிந்த கழுத்தணிகளுக்கான தண்டனை அது என்று நம்பியதாகக் கதை. பளபளக்கும் மட்டச் சரக்கைக் குறிக்கும் ‘டாட்ரி’, அந்தச் ‘செயின்ட் ஆட்ரி’ திரிந்து வந்த சொல்.

நம் பக்கம், நாகர்கோவிலுக்கு லேஸ் பின்னலைக் கொண்டுவந்தவர், மிஷனரி சார்லஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா.