பாடத்தை எழுதும் மேசை

நாங்கள் சமூகவியல் முதுகலை படித்தபோது, சாதி பற்றிய தாளில் அம்பேத்கரைச் சேர்க்கக் கேட்டு மனு கொடுத்தோம். "அது பாடத்திட்டக் குழு எடுக்க வேண்டிய முடிவு" என்று திருப்பி அனுப்பினார்கள். அந்தக் குழுவில் யார் இருக்கிறார்கள் என்று கேட்க அன்று எங்களுக்குத் தோன்றவில்லை. பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழக வரலாற்றைப் படித்தபோதுதான் அது உறைத்தது.

1963இல் தொழிற்கட்சித் தலைவர் ஹரால்ட் வில்சன் முன்வைத்த யோசனை அது. அமைச்சராக இருந்து அதை நடத்திக்காட்டியவர் ஜென்னி லீ, ஸ்காட்லாந்துச் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மகள். சேர எந்த முன்தகுதியும் வேண்டாம், ஆனால் பட்டத்தின் தரம் துளியும் குறையக் கூடாது என்பதில் பிடிவாதமாக இருந்தார். (இடஒதுக்கீடு என்றதும் 'தரம்' என்று அலறுகிறவர்கள் கவனிக்கலாம்.) 1971 ஜனவரியில் சுமார் 24,000 மாணவர்களுடன் பாடங்கள் தொடங்கின.

வகுப்பறை கிடையாது. வேலை முடிந்து வந்து இரவில் தனியே படிப்பவருக்கு அச்சிட்ட பாடம் தானாகவே புரிய வேண்டும். ஆகவே ஒவ்வொரு பாடத்தையும் ஒரு குழு உருவாக்கியது. அதில் ஆசிரியர்கள் பலர், பிபிசி தயாரிப்பாளர்கள், கற்பித்தல் நுட்ப வல்லுநர்கள், பதிப்பாசிரியர்கள் எல்லாரும் இருந்தார்கள். ஒருவர் எழுதிய வரைவு எல்லார் கைக்கும் போகும். கிழித்துத் தோரணம் கட்டுவார்கள். மறுபடி எழுத வேண்டும், அதுவும் சுற்றுக்குப் போகும். அதுவரை பேராசிரியரின் குறிப்பேடு அவருடைய சொந்தச் சொத்து. வகுப்புக் கதவைச் சாத்திவிட்டால் உள்ளே என்ன நடக்கிறது என்று சக ஆசிரியருக்கே தெரியாது. இங்கே பேராசிரியர் பட்டம் இல்லாத ஒருவர், "இந்தப் பத்தி புரியவில்லை" என்று பேராசிரியரிடமே சொல்ல முடிந்தது. காலமும் பணமும் நிறையச் செலவாயின, சண்டைகளும் நடந்தன. ஆனாலும் முதல் துணைவேந்தர் வால்டர் பெர்ரி, உயர்கல்விக்குத் தங்கள் பல்கலைக்கழகம் தந்த முக்கியமான பங்களிப்பு இந்தக் குழுமுறைதான் என்று கருதினார்.

ஜமைக்காவில் பிறந்த கறுப்பினச் சிந்தனையாளர் ஸ்டூவர்ட் ஹால், 1979இல் இங்கே சமூகவியல் பேராசிரியராக வந்து 1997 வரை இருந்தார். பண்பாட்டு ஆய்வுகளைப் பல்கலைக்கழக வாசலையே மிதிக்காதவர்களுக்குப் புரியும்படி சொல்ல முடியுமா என்பதே அவருக்குச் சவாலாக இருந்தது. வாக்மேன் என்ற பாட்டுக்கருவியை வைத்து ஒரு பாடநூலையே சக ஆசிரியர்களோடு சேர்ந்து எழுதினார்.

குறையும் சொல்ல வேண்டும். சில பாடங்களில் வரைவை மாணவர்களிடம் கொடுத்துச் சோதித்தார்கள். ஆனால் முடிவெடுக்கும் மேசையில் பெரும்பாலும் அவர்களுக்கு நாற்காலி இல்லை.

இந்தியாவின் முதல் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1982இல் ஹைதராபாத்தில் தொடங்கியது. 1991இல் அதற்கு அம்பேத்கர் பெயரைச் சூட்டினார்கள். 1985இல் இக்னோ வந்தது, குழுவாகப் பாடம் எழுதும் முறையும் கூடவே வந்தது. நம் வழக்கமான கல்லூரிகளுக்குள் மட்டும் அது பெரிதாக நுழையவில்லை. நாமும் 'இந்தப் பெயரைச் சேருங்கள், அந்த நூலைச் சேருங்கள்' என்றே மனு கொடுத்துக்கொண்டிருக்கிறோம். எழுதும் மேசையில் இடம் கேட்கவில்லை.

தன்னாட்சிக் கல்லூரிகளின் பாடத்திட்டக் குழுவில் முன்னாள் மாணவர் ஒருவருக்கு இடம் வைத்திருக்கிறது யுஜிசி விதி. உங்கள் துறையில் அந்த நாற்காலியில் இப்போது யார் உட்கார்ந்திருக்கிறார் என்று இந்த வாரம் கேட்டுப் பாருங்கள், தோழர்களே. அரசுக் கல்லூரி என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போதும்.