நான்கு சொற்களின் விலை

விளம்பர வாசகங்களை எழுத்தாளர்கள் பொருட்படுத்துவதில்லை. ஆனால் சொல் மனித நடத்தையை எவ்வளவு தூரம் மாற்றும் என்பதற்குச் சென்ற நூற்றாண்டில் நிரூபணம் தேடினால், அது கவிதையைவிட வைர வியாபாரத்தில்தான் துலக்கமாகக் கிடைக்கிறது. 1947ல் அமெரிக்காவின் என்.டபிள்யூ. அயர் விளம்பர நிறுவனத்தில் பணியாற்றிய பிரான்சஸ் ஜெரட்டி என்ற பெண், டி பியர்ஸ் கம்பெனிக்காக ஆங்கிலத்தில் நான்கு சொற்களை எழுதினார். வைரம் என்றென்றைக்குமானது என்று அதற்குப் பொருள். அவர் கடைசிவரை திருமணம் செய்துகொள்ளவில்லை.

இந்த வரிக்கு ஒரு பொருளாதாரத் தேவை இருந்தது. 1720களில் பிரேசிலில் கண்டெடுக்கப்படும்வரை உலகத்துக்கு வைரம் பெரும்பாலும் இந்தியாவிலிருந்தே போயிற்று. கிருஷ்ணா நதிக்கரையின் கொல்லூர்ச் சுரங்கமும் கோல்கொண்டாச் சந்தையும் பெயர் பெற்றவை. அப்போது வைரம் உண்மையாகவே அரிது. 1860களின் இறுதியில் தென்னாப்பிரிக்காவில் கிடைக்கத் தொடங்கியதும் அந்த அருமை போயிற்று. 1888ல் செசில் ரோட்ஸ் நிறுவிய டி பியர்ஸ் சுரங்கங்களை ஒரு கைக்குள் கொண்டுவந்து, சந்தைக்கு வரும் கற்களை மட்டுப்படுத்தியது. கல்லைப் பூட்டிவைத்தால் விலை விழாது. ஆசையை உண்டாக்கச் சொல் வேண்டும். 1938ல் அயர் நிறுவனம் அமர்த்தப்பட்டது அதற்காகவே. நிச்சயதார்த்த மோதிரத்தில் வைரம் பதிப்பது பழைய வழக்கம்தான். அதைக் கட்டாயம்போல் ஆக்கியது விளம்பரம். ஜப்பானில் 1967ல் மணப்பெண்களில் நூற்றுக்கு ஐந்து பேருக்குக்கூட வைர மோதிரம் இல்லை. 1981ல் சுமார் அறுபது பேருக்கு இருந்தது.

வரி சொல்லும் செய்தி உண்மையா? 1772ல் லவாசியே வைரத்தைச் சூரிய ஒளி குவித்து எரித்துக் காட்டினார். 1797ல் ஸ்மித்சன் டெனன்ட் அது வெறும் கரி என்று நிறுவினார். வாகாக அடி விழுந்தால் வைரம் பிளக்கும். ஆக, ‘என்றென்றைக்கும்’ என்பது கல்லின் குணமல்ல. வாங்கினவருக்கு இடப்படும் கட்டளை. விற்காதே என்கிறது. வீடுகளில் கிடக்கும் கற்களெல்லாம் சந்தைக்குத் திரும்பினால் விலை நிற்காது.

நம்மிடம் இருந்தது வேறொரு மொழி. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை, மதுரையின் ரத்தினக் கடைத்தெருவில் வைரத்தை அதற்கு இருக்கக்கூடாத குற்றங்களைச் சொல்லியே அறிமுகப்படுத்துகிறது. காகபாதம் அவற்றில் ஒன்று. சந்தேகத்தில் தொடங்கும் மொழி அது. பின்னால் நாமும் மந்திரச் சொல்லுக்கு மாறினோம். ‘ப்ளூ ஜாகர்’ தோடு என்று பெருமையோடு சொல்லும்போது அதில் ஒட்டியிருப்பது தென்னாப்பிரிக்காவின் யாகர்ஸ்ஃபொன்டைன் சுரங்கத்தின் பெயர். சுரங்கம் 1971ல் மூடப்பட்டது. பெயர் மூடப்படவில்லை.

அளக்கும் சொற்களும் உண்டு. 1931ல் தோன்றிய அமெரிக்க ரத்தினவியல் நிறுவனம் 1950களில் முறைப்படுத்திய எடை, நிறம், மாசின்மை, வெட்டு ஆகிய நான்கும் அப்படிப்பட்டவை. ஒரு காரட் என்பது 200 மில்லிகிராம். முழுக் காரட்டுக்குச் சற்றுக் குறைந்த கல்லைக் கண் வேறுபடுத்தாது, விலை வேறுபடுத்தும். கல்லின் ஒளி பெரும்பாலும் வெட்டின் நேர்த்தியில் இருக்கிறது. சான்றிதழ் கடைக்காரருடையதாக இல்லாமல் வெளி ஆய்வுக்கூடத்தினுடையதாக இருக்க வேண்டும்.

1954ல் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வுக்கூடத்தில் வைரம் செய்யப்பட்டதிலிருந்து இன்னொரு கேள்வி நிற்கிறது. இன்று ஆய்வுக்கூடத்தில் வளரும் கல்லும் சுரங்கத்துக் கல்லும் ஒரே கரி, ஒரே அணுக்கட்டு. கண்ணால் பிரித்தறிய முடியாது. தனிக் கருவிகள் வேண்டும். 2018ல் அமெரிக்க வணிக ஆணையம் வைரத்துக்கான தன் வரையறையிலிருந்து ‘இயற்கையான’ என்ற அடைமொழியை நீக்கிவிட்டது. வளர்த்த கல்லின் விலையோ வெகுவாக இறங்கிவிட்டது. சுரங்கத்துக் கல்லை விரும்புவதில் தவறில்லை. எதற்காகக் கூடுதலாகக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்கலாம்.

கடன் வாங்கி மோதிரம் வாங்கப் போகும் இளைஞன் கடையில் ஒரு கேள்வி கேட்கட்டும்: இதையே நாளைக்குத் திருப்பிக் கொண்டுவந்தால் என்ன தருவீர்கள்? பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளட்டும். கொடுத்த விலைக்கும் அந்தத் தொகைக்கும் உள்ள வித்தியாசத்தில் கூலி, லாபம், வரி போக மிஞ்சுவது, ஜெரட்டி எழுதிய நான்கு சொற்களுக்கு அவன் கொடுக்கும் விலை.