சுபேதார் சுப்பிரமணியன்: நாம் நினைவிற்கொள்ள வேண்டிய ஒரு படைத்தலைவர்

திண்டுக்கல் மலைக்கோட்டையை நாள்தோறும் அண்ணாந்து பார்த்து வளர்ந்தவர்கள் நாம். 1790ஆம் ஆண்டில் கும்பெனிப் படை அக்கோட்டையைத் திப்பு சுல்தானிடமிருந்து கைப்பற்றியது. 1792இல் சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திண்டுக்கல் சீமை ஆங்கிலேயர் வசமாயிற்று. இவற்றையெல்லாம் நாம் அறிவோம். ஆனால், அப்படையில் துப்பாக்கி ஏந்தி நின்ற சிப்பாய்களின் பெயர்களை எவரும் நமக்குச் சொல்லித் தந்ததில்லை. தளபதியின் பெயர் ஏட்டில் ஏறும். சிப்பாயின் பெயர் மண்ணோடு போகும். அவ்வாறு போகாமல் நின்ற ஒரு தமிழரின் பெயரை நம் சங்கத்தின் வெள்ளி விழா மலரில் பதிவு செய்ய விழைகிறோம்.

அவரைப் பற்றிக் கூறுமுன் அவர் பணியாற்றிய படையின் வரலாற்றைச் சிறிது அறிதல் வேண்டும். பழைய சென்னைப் படையில் தாழ்த்தப்பட்ட சமுதாயத்தினர் பெருந்தொகையினராகப் பணிபுரிந்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், சில இனத்தவரே போருக்கு ஏற்றவர் என்னும் கொள்கையை ஆங்கிலத் தளபதிகள் கைக்கொண்டனர். தளபதி ராபர்ட்ஸ் அவர்களுள் முதன்மையானவர். தென்னாட்டவர் போருக்கு உதவார் என்றும், சில சமுதாயங்கள் அறவே ஆகா என்றும் முடிவு கட்டப்பட்டது. சென்னைக் காலாட்படைப் பிரிவுகள் ஒவ்வொன்றாகக் கலைக்கப்பட்டன. 1933இல் மதராஸ் பயனியர் படையும் கலைக்கப்பட்டது. தலைமுறை தலைமுறையாகப் பட்டாளத்துச் சோறுண்டு, பட்டாளத்துப் பள்ளியில் எழுத்தறிந்த குடும்பங்களுக்கு முன்னால் கதவு சாத்தப்பட்டது. வீரம் குன்றியதால் சாத்தப்பட்ட கதவன்று அது. பிறப்பைப் பார்த்துச் சாத்தப்பட்ட கதவு.

எஞ்சி நின்றது 1780இல் தோன்றிய மதராஸ் சாப்பர்ஸ் என்னும் பொறியியற்படை. பாலம் கட்டுதல், பாதை அமைத்தல், பகைவர் புதைத்த கண்ணிவெடிகளை அகற்றுதல் ஆகியன இப்படையினரின் பணிகள். காலாட்படை முன்னேறுவதற்கு முன்னரே இவர்கள் சென்று வழி செய்தல் வேண்டும்.

இப்படையில் சேர்ந்து சுபேதாராக உயர்ந்தவர் சுப்பிரமணியன். அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தின் கீழ் ஒட்டிவாக்கம் இவருடைய ஊர். இரண்டாம் உலகப்போரில் நான்காம் இந்தியப் படைப்பிரிவைச் சார்ந்த பொறியியற்பிரிவில் இவர் இத்தாலி நாட்டில் பணியாற்றினார். 1944 பிப்ரவரியில் கசினோ மலைப்பகுதியில் கடும்போர் நிகழ்ந்து கொண்டிருந்தது. அம்மாதம் 24ஆம் நாள், மிஞானோ என்னும் ஊரருகே கண்ணிவெடிகளை அகற்றிப் பாதை அமைக்கும் பணியில் இவருடைய குழு ஈடுபட்டிருந்தது. அப்பொழுது உடன் இருந்த வீரர் ஒருவர் கண்ணி ஒன்றை மிதித்து விட்டார். மிதித்த சில விநாடிகளுக்குப் பின் வெடித்து, சுற்றிலும் நிற்போரைச் சிதைக்கும் வகையைச் சேர்ந்தது அது. அந்தச் சில விநாடிகளின் பொருளை மற்றெவரினும் நன்கறிந்தவர் சுபேதார். விலகி ஓடித் தரையில் படுத்திருந்தால் அவர் தப்பியிருக்கலாம். அவரோ அக்கண்ணியின் மீது பாய்ந்து, தம் உடலால் அதனை மூடினார். தோழர்கள் உயிர் பிழைத்தனர். அவர் உயிர் நீத்தார். அவ்வாண்டே அவருடைய மறைவுக்குப்பின் ஜார்ஜ் கிராஸ் என்னும் உயரிய விருது அவருக்கு வழங்கப்பெற்றது. விக்டோரியா கிராசுக்கு நிகராக வைத்து எண்ணப்படும் விருது இது.

அவர்தம் சாதியை ஆராய்ந்து, அவரை நமக்கே உரியவராக்கிக் கொள்வது நம் நோக்கமன்று. தென்னாட்டவர் போருக்கு உதவார் என்று எழுதியவர்களுக்கு அவர் அளித்த விடையே நமக்கு வேண்டுவது. பிறப்பால் வீரத்தை அளந்தவர்கள் பிழைபட்டனர் என்பதற்கு மிஞானோ மண்ணே சான்று.

இளைஞர்கள் கருத வேண்டிய மற்றொன்றும் உண்டு. அந்நாளில் சாதாரண வீரராகச் சேர்ந்த இந்தியர் ஜமேதார், சுபேதார், சுபேதார் மேஜர் என்னும் படிகளில் ஏறலாம். பல்லாண்டு அனுபவம் பெற்ற சுபேதாரும், நேற்று வந்த வெள்ளை லெப்டினன்டுக்குக் கீழ்ப்பட்டவரே. அதற்கு மேற்பட்ட பதவிகளுக்கு இந்தியர்களை ஆயத்தப்படுத்த டேராடூனில் இராணுவக் கழகம் தோன்றியது 1932இல்தான். அங்கு நுழைவதற்கு உயர்ந்த பள்ளிக் கல்வி வேண்டும். கல்வி மறுக்கப்பட்டவர்க்கு அவ்வாயிலும் மறுக்கப்பட்டதே அல்லவா?

அண்ணல் அம்பேத்கரின் தந்தையார் ராம்ஜியும் பட்டாளத்தில் சுபேதார் நிலையில் இருந்தவர். பட்டாளத்துப் பள்ளியில் ஆசிரியர். அவ்வீட்டில் புகுந்த எழுத்தறிவே பின்னாளில் ஒரு நாட்டின் அரசியலமைப்பை வகுக்கும் அறிவாக வளர்ந்தது. படைக்கதவு மீண்டும் திறக்க வேண்டும் என்று வாதாடியவர்களுள் அண்ணலும் ஒருவர். 1941இல் மகர் படைப்பிரிவு தோன்றியது.

இன்று சட்டத்தின்படி எக்கதவும் சாத்தப்பட்டிருக்கவில்லை. பழனிக்கு மேற்கே அமராவதி நகரில் 1962ஆம் ஆண்டு முதல் சைனிக் பள்ளி நடைபெற்று வருகிறது. அங்கு ஆறாம் வகுப்பிலும் ஒன்பதாம் வகுப்பிலும் நுழைவுத் தேர்வின் வாயிலாகச் சேரலாம். பட்டியல் சாதியினருக்கு நூற்றுக்கு 15 இடங்கள் உண்டு. மேல்நிலைக் கல்வி முடித்தோர் தேசியப் பாதுகாப்புக் கழகத் தேர்வை எழுதலாம். பட்டம் பெற்றோர் சென்னையிலுள்ள அதிகாரிகள் பயிற்சிக் கழகத்தில் சேர முயலலாம். இவ்வாயில்கள் நம் பெண்மக்களுக்கும் திறந்திருக்கின்றன. ஆயினும், அதிகாரிகள் தேர்வில் இட ஒதுக்கீடு இல்லை. கணக்கும் ஆங்கிலமும் பொது அறிவும் உடலுறுதியுமே அங்குத் துணை.

ஆதலின் நம் சங்கத்தின் பணி தெளிவாகிறது. நிலக்கோட்டை, வேடசந்தூர், ஆத்தூர் வட்டாரங்களின் சிற்றூர்களில் ஐந்தாம் வகுப்பில் பயிலும் ஒரு சிறுவனோ சிறுமியோ அத்தேர்வுக்கு ஆயத்தமாவதற்கு உரிய நூலும், ஆசிரியரும், மாலை வேளையில் ஒரு விளக்கும் கிடைக்கச் செய்தல் வேண்டும். மறைந்த வீரருக்கு மாலை சூட்டுதல் ஒரு நாள் வேலை. அவர் ஏற முடியாத படிகளில் நம் பிள்ளைகளை ஏற்றிவிடுதல் ஒரு தலைமுறையின் வேலை. அவ்வேலையில் உறுப்பினர் ஒவ்வொருவரும் பங்கு கொள்வாராக.