விடுதி அறையைப் புதுப்பித்தல்: குழாய், பூட்டு, மெத்தை

ஒரு மென்பொருள் திட்டத்துக்காக நான்கு மாதங்கள், திங்கள் முதல் வியாழன் வரை, ஒஹையோ மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் நெடுஞ்சாலையோர விடுதியில் தங்க நேர்ந்தது. மொத்தம் 62 அறைகள். உரிமையாளர் குஜராத்திக்காரர். நான் அவரை 'பாய்' என்று அழைப்பேன். நம்மூரில் அதற்கு வேறு பொருள், அவர்களுக்கு அண்ணன். அவர் மனைவி 'பாபி', அதாவது அண்ணி. அமெரிக்காவில் இது அதிசயமல்ல. 1989-ல் தொடங்கிய ஆசிய அமெரிக்க விடுதி உரிமையாளர் சங்கத்தில் பெரும்பாலோர் குஜராத்திகள். நாட்டின் விடுதிகளில் ஏறக்குறைய 60 விழுக்காடு தன் உறுப்பினர்களுடையவை என்கிறது அச்சங்கம். வாசலில் இருக்கும் பெயர்ப்பலகை மட்டும் பெருநிறுவனத்துடையது.

அந்தப் பெயருக்கான ஒப்பந்தம் முடியும் தறுவாயில் இருந்தது. நீட்டிக்க வேண்டுமானால் அறைகளை இன்னின்னபடி மாற்ற வேண்டும் என்று நிறுவனம் ஒரு நீண்ட பட்டியல் அனுப்பியிருந்தது. "நீ இன்ஜினியர்தானே, படித்துச் சொல்" என்று பாய் அதை என்னிடம் நீட்டினார். பொட்டி தட்டுகிறவனுக்கும் கட்டடத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நழுவப் பார்த்தேன், முடியவில்லை. அதைப் புரிந்துகொள்ளத் தேடிப் படித்தவையும் நேரில் பார்த்தவையும்தான் இக்கட்டுரை.

விருந்தினரின் எதிர்பார்ப்பு என்பது புதிய விஷயமல்ல. 1829-ல் பாஸ்டனில் திறந்த ட்ரெமாண்ட் ஹவுஸ் விடுதியில் பூட்டக்கூடிய தனி அறையும் அறைக்கொரு சோப்பும் பெரிய புதுமை. கழிப்பறைகள் தரைத்தளத்தில் பொதுவாக இருந்தன. 1908-ல் எல்ஸ்வொர்த் ஸ்டாட்லர் என்பவர் பஃபலோ நகரில் ஒரு விடுதி கட்டி, ஒன்றரை டாலருக்கு அறையோடு சொந்தக் குளியலறையும் தருவதாக விளம்பரம் செய்தார். அன்று அது வியப்பு. இன்று குளியலறை இல்லாத அறையை அமெரிக்காவில் யாருக்கு வாடகைக்கு விட முடியும்?

ஸ்டாட்லரால் அந்த விலைக்குக் கொடுக்க முடிந்ததன் காரணம் சுவருக்குள் இருக்கிறது. இரண்டு அறைகளின் குளியலறைகளை முதுகோடு முதுகு ஒட்டி வைத்து, நடுவில் மேலிருந்து கீழ்வரை ஒரே குழாய்ச் சந்து விட்டார். ஒரு சந்து, இரண்டு வரிசை அறைகள். குழாய்ச் செலவும் குறைவு, பழுதுபார்ப்பதும் எளிது. நூறாண்டு கழித்தும் விடுதிகள் இப்படித்தான் கட்டப்படுகின்றன.

பாயின் தலைவலியும் அங்கேதான் தொடங்கியது. பட்டியலின் முதல் வரி: குளியல் தொட்டிகளை எடுத்துவிட்டு ஷவர் வைக்க வேண்டும். கேட்க எளிது. ஆனால் தொட்டியின் வடிகுழாய் வழக்கமாக ஒன்றரை அங்குலம். நின்று குளிக்கும் ஷவருக்குப் பொதுவாக இரண்டு அங்குலம் தேவை, அதுவும் தொட்டியின் ஓரத்தில் இருந்ததைப் பெரும்பாலும் நடுவுக்கு நகர்த்த வேண்டும். தரையை உடைக்க வேண்டும். மேல்மாடி என்றால் கீழ் அறையின் கூரையைத் திறக்க வேண்டும். ஒரு சந்தில் தண்ணீரை நிறுத்தினால் அதை ஒட்டிய அத்தனை அறைகளும் மூடிக் கிடக்கும். எனவே விடுதியைத் தளம் தளமாக அல்ல, சந்து சந்தாகத்தான் புதுப்பிக்க முடியும். வருமானத்தில் சுமார் 4 விழுக்காட்டை இத்தகைய மாற்றங்களுக்கு ஒதுக்கி வைப்பது தொழில் வழக்கம். மூடிய அறையில் வராத வாடகையை அந்தக் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை.

மின் இணைப்புகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கட்டில் தலைமாட்டில் இரண்டு பிளக் பாயின்ட் இல்லாத அறையை என்னைப் போன்றவர்கள் மன்னிப்பதில்லை. ஒரு எச்சரிக்கை மட்டும். ஐபாடைச் செருகும் கடிகார வானொலிகளை ஒரு காலத்தில் விடுதிகள் ஆயிரக்கணக்கில் வாங்கின. 2012-ல் ஆப்பிள் தன் இணைப்பியை மாற்றியதும் அவை வெறும் கடிகாரங்களாயின. சுவரில் பதித்த பழைய யுஎஸ்பி துளைகளுக்கும் அதே கதி வந்துகொண்டிருக்கிறது. சாதாரண மின் துளை போதும், மற்றதை விருந்தினர் கொண்டுவருவார் என்று பாயிடம் சொன்னேன்.

பூட்டு என் துறைக்கு நெருக்கமானது. 1970களில் நார்வேக்காரர் டோர் சோர்னஸ் உருவாக்கிய அட்டைச் சாவியில் மின்சாரமே கிடையாது. 32 இடங்களில் துளை இருக்கும் அல்லது இருக்காது. இரண்டின் 32-ஆம் அடுக்கு, ஏறக்குறைய 429 கோடி சாவிகள்! பிறகு காந்தப் பட்டை வந்தது, பிறகு ரேடியோ அட்டை. 2012-ல் கோடி பிரோசியஸ் என்ற ஆய்வாளர், ஒரு பெரிய நிறுவனத்தின் பூட்டுகளை அடியிலுள்ள துளை வழியாக ஐம்பது டாலருக்கும் குறைவான கருவியால் திறந்து காட்டினார். 2024 மார்ச்சில் சாஃப்லாக் பூட்டுகளில் இன்னொரு ஓட்டை வெளியே வந்தது: 131 நாடுகளில் 30 லட்சத்துக்கும் மேற்பட்ட கதவுகள். அந்த விடுதியின் ஏதேனும் ஒரு பழைய அட்டை கையில் இருந்தால் மற்றக் கதவுகளையும் திறக்கப் போலி அட்டை செய்துவிடலாம்.

நாம் சேவையகத்தில் ஒரு திருத்தத்தை ஏற்றிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவோம். இந்தப் பூட்டுகளில் பெரும்பாலானவை வலைப்பின்னலில் இல்லை. ஒவ்வொரு கதவாக நடந்து போய்த் திருத்த வேண்டும், சிலவற்றைக் கழற்றி மாற்ற வேண்டும். விருந்தினர் கண்ணுக்குத் தெரியாத செலவு என்பதால் இதைத் தள்ளிப்போடுகிறவர்கள் உண்டு. என்னைக் கேட்டால் திரைச்சீலைக்கு முன்னால் இதைத்தான் செய்யவேண்டும்.

கடைசியாக மெத்தை. 1999-ல் வெஸ்டின் விடுதிகள் 'ஹெவன்லி பெட்' என்ற பெயரில் முழுக்க வெள்ளையான, தடித்த மெத்தையும் மூன்று விரிப்புகளும் ஐந்து தலையணைகளும் கொண்ட படுக்கையைக் கொண்டுவந்தன. அதற்குமுன் பூப்போட்ட அடர்நிற மேல்விரிப்புகள்; கறை தெரியாது, ஒவ்வொரு விருந்தினருக்குப் பின்னும் துவைப்பதும் கிடையாது. வெள்ளை ஒளிக்காது. ஆகவே இது உண்மையான முன்னேற்றம்தான். போட்டியாளர்கள் பின்தொடர்ந்தார்கள், 2005-ல் மாரியட் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டில்களை மாற்ற முனைந்தது.

அந்த மெத்தையைத் தூக்குகிறவர் யார்? ஐம்பது அமெரிக்க விடுதிகளின் பதிவுகளைக் கொண்டு 2010-ல் வந்த ஆய்வொன்றில், நூறு பணியாளருக்கு ஆண்டுக்கு 5.2 காயங்கள் என்பது சராசரி. அறைகளைத் துப்புரவு செய்வோருக்கு 7.9. பெரும்பாலும் பெண்கள். கலிபோர்னியா மாநிலம் இவர்களுக்கென்றே தனி விதி இயற்றி 2018 ஜூலையில் நடைமுறைப்படுத்தியது. பணியாளர்களையும் சேர்த்துக்கொண்டு, எந்த வேலை எப்படி உடம்பைக் கெடுக்கிறது என்று முதலாளி ஆராய்ந்து சரிசெய்ய வேண்டும். ஒஹையோவில் அப்படி ஒரு விதி இல்லை.

பாயின் விடுதியில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 14 அறைகள். அறைக்கு இரண்டு கட்டில், கட்டிலுக்கு நான்கு மூலை. மூலைக்கு ஒரு முறை தூக்கினாலே 112 முறை. ஆள் வராத நாட்களில் பாபிதான் அந்த 14 அறைகளையும் செய்வார். மணிக்கட்டில் எப்போதும் ஒரு பட்டி கட்டியிருப்பார்.

நிறுவனத்தார் பார்வையிட 114-ஆம் அறையை மாதிரியாகத் தயார் செய்திருந்தார்கள். அவர்கள் வருவதற்கு முந்தைய மாலை, பாபி புதிய கட்டிலை விரித்தார், நான் கடிகாரம் பார்த்தேன். ஏழு நிமிடம். அடுத்த அறையின் பழைய கட்டில் நான்கு நிமிடத்தில் முடிந்தது. பாய் ஒன்றும் பேசாமல் கட்டில் முனையில் உட்கார்ந்து பட்டியலைப் புரட்டினார். மெத்தையின் தடிமன், தலையணையின் எண்ணிக்கை, விரிப்பின் நூல் எண்ணிக்கை எல்லாம் அதில் இருந்தன. கடைசிப் பக்கத்தின் அடியில் பேனாவால் மூன்று வரிகள் எழுதிக்கொண்டார்: அடிவிரிப்பு எலாஸ்டிக் வைத்ததாக இருக்கட்டும், ஒருவருக்கு 11 அறைகள், வேலைக்குக் கூடுதலாக ஒரு ஆள்.